புதிய இசை நாடகம்: எழுதிப் பழகுவதா, கூடிக் கட்டுவதா, மேடையில் விளைவிப்பதா?

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு வாசகசாலையோ கலைமன்றமோ புதிதாகப் பாட்டு நாடகம் போடலாம் என்று கூடினால், கதை முடிவாகும் முன்பே வழக்கு கிளம்பிவிடும். "பிரதி கைக்கு வரட்டும், பாட்டு மெட்டோடு வரட்டும், அப்புறம் ஒத்திகை" என்பார் ஒருவர். "எல்லாரும் சேர்ந்து நடிச்சுப் பார்த்து, பாடிப் பார்த்துக் கட்டுவோம்" என்பார் இன்னொருவர். பாலக்காட்டு நாட்டார் கலையான பொறாட்டு நாடகம் பார்த்து வளர்ந்த மூன்றாமவர், "கதையும் நாலு பாட்டும் இருந்தா போதும், மிச்சம் மேடையில வரும்" என்பார்.

மூன்று வழியிலும் நல்ல நாடகம் வந்திருக்கிறது. மூன்றிலும் குழு உடைந்தும் போயிருக்கிறது. உடைவது பெரும்பாலும் ரசனை வேறுபாட்டால் இல்லை. தங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது, ஆர்மோனியக்காரர் எத்தனை நாள் வருவார், நாடகம் எத்தனை முறை மேடையேறும் என்பதைக் கேட்டுக்கொள்ளாமல் வழியைத் தேர்ந்ததால்தான். அதனால் அளவுகோல்களை முதலில் வைப்போம். கணக்கு 75 நிமிட நாடகத்துக்கு: 8 முதல் 10 நடிகர், 7 அல்லது 8 பாட்டு, ஓர் ஆர்மோனியம், ஒன்றிரண்டு தாளக் கருவி.

## முதலில் எதை அளப்பது

மணிக்கணக்கு. வாரம் மூன்று மாலை, மாலைக்கு இரண்டரை மணி என்றால் எட்டு வாரத்தில் 60 மணி. தாமதமும் தேநீரும் போக 48 தேறும். வேலை முடித்து வருகிறவர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவரும் பாலக்காட்டிலிருந்து ஒருவரும் வந்தால், ஒத்திகை முடியும் நேரத்தைப் பஸ்தான் தீர்மானிக்கும். அந்த நேரத்தை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

இசைக்காரரின் இருப்பு. இந்தக் கட்டுரையில் இதுதான் முதன்மையான அளவுகோல். வசனத்தைக் கடைசி வாரத்தில்கூட மாற்றிவிடலாம். சுருதியையும் தாளக்கட்டையும் கடைசி வாரத்தில் மாற்றினால் பாட்டு மட்டுமல்ல, நடையும் அசைவும் மூச்சும் சேர்ந்து குலையும். ஆகவே இசைக்காரர் எப்போது உள்ளே வருகிறார் என்பதே எந்த வழி உங்களுக்குச் சாத்தியம் என்பதைச் சொல்லிவிடும்.

மேடை எண்ணிக்கை. ஓர் ஆண்டுவிழாவுக்கு ஒரே ஒரு தடவையா, வேல–பூரத் திருவிழாக் காலம் முழுக்கப் பதினைந்து ஊரா?

மொழி. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நடிகர்களும் அப்படியே. எழுதும்போது இந்தக் கலவையைக் கொண்டுவருவது கடினம். பேசும்போது அது தானாக வரும்.

ஒலி, ஒளி. எத்தனை மைக், லைட்காரர் எத்தனை ஒத்திகைக்கு வருவார்.

உரிமை. பாட்டு யாருடையது? இது கடைசியில் வருகிற கேள்வியானாலும் முதலில் தீர்க்க வேண்டியது.

| அளவுகோல் | எழுதிப் பழகுதல் | கூடிக் கட்டுதல் | மேடையில் விளைவித்தல் |
|---|---|---|---|
| ஒத்திகை | 40 மணி போதும் | 90 மணிக்குக் குறையக் கூடாது | 40 மணி, ஆனால் கைதேர்ந்தவர்கள் வேண்டும் |
| இசைக்காரர் | கடைசி 5, 6 அமர்வு | தொடக்கத்திலிருந்து பாதிக்கு மேல் | ஓர் அமர்வும் விடாமல் |
| ஆள் மாறினால் | ஒரு வாரத்தில் சரிசெய்யலாம் | பூட்டிய பின் (இனி மாறாது என்று முடிவான பின்) சரிசெய்யலாம் | நாடகமே மாறும் |
| மொழிக் கலவை | எழுத்தாளரின் காதைப் பொறுத்தது | மிக நன்றாக வரும் | ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம் |
| மைக், லைட் | எளிது | எளிது | கடினம் |
| கால அளவு | துல்லியம் | பூட்டிய பின் துல்லியம் | நீளும் |
| உரிமைச் சிக்கல் | குறைவு | அதிகம் | அதிகம் |

## எழுதி முடித்துப் பழகுவது

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துப் பாலர் கம்பெனிகளில் வாத்தியார் வாயிலிருந்து பாடம் நேரே பையன்களின் வாய்க்குப் போகும். பாட்டும் வசனமும் முன்னமே முடிவானவை. படித்தவர்களின் அமெச்சூர் நாடகத்தில் ஒத்திகை ஒழுங்கைக் கொண்டுவந்தது பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை. இன்றைய நாடகப் போட்டிகள் பலவும் இந்த வழியை எதிர்பார்க்கின்றன: பிரதியை முன்கூட்டியே கேட்பார்கள், நிமிடக் கணக்கு வைத்திருப்பார்கள்.

40 மணிக்குமேல் கிடைக்காத குழு, பள்ளிப் பிள்ளைகள் நடிக்கும் நாடகம், இசைக்காரர் வெளியூரிலிருந்து வரவேண்டிய நிலை என்றால் இதைவிட்டு வேறு வழி தேடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு சுருதியில் இருக்கிறது. நடிகரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மெட்டுப் போட்டு, ஸ்டுடியோவில் இசைத்தடமும் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு நாயகி 5 கட்டைச் சுருதியில் பாடுகிறவர், தடம் 3 கட்டையில் இருக்கிறது என்று தெரியவரும். கணினியில் சுருதியை ஏற்றி இறக்கினால் ஒரு கட்டை வரை காது தாங்கும். அதற்குமேல் நாதஸ்வரம் பொம்மை ஊதல் மாதிரி ஆகிவிடும். பதிவுக்கு முன் ஒவ்வொரு நடிகரையும் அரைமணி பாடவைத்து, வசதியாக எட்டும் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் குறித்துக்கொண்டால் இந்தப் பணம் மிச்சம்.

இரண்டாவது செலவு நாக்கு. மேசையில் எழுதிய செந்தமிழ் வரியை வண்ணாமடைக்காரர் சொல்லும்போது, எட்டு அட்சரத்துக்கு எழுதியது ஒன்பதாக நீளும். அவர் சொல்வதில் பிழையில்லை. அவர் பேச்சின் இழுப்பு அது. பிரதி எழுதுகிறவர் முதல் மூன்று ஒத்திகையில் கூடவே இருந்து வரிகளை நறுக்கித் தர ஒப்புக்கொள்ள வேண்டும்.

## கூடிக் கட்டுவது

இங்கே பிரதி கடைசியில் வருகிறது. காட்சியை நடித்துப் பார்த்து, பாடிப் பார்த்து, பதிவு செய்து, பொறுக்கி, எழுதி, பூட்டி, பிறகு ஒத்திகை. 1974-இல் லண்டனில் தொடங்கிய ஜாயின்ட் ஸ்டாக் நாடகக் குழு இதற்கு ஒரு நல்ல ஒழுங்கை வகுத்தது: முதலில் எல்லாரும் சேர்ந்து சில வாரம் தேடுவது, பிறகு எழுத்தாளர் தனியே போய் எழுதுவது, மீண்டும் கூடி முறையான ஒத்திகை. நடுவிலுள்ள அந்த இடைவெளிதான் இந்த முறையின் உயிர். அதை விட்டுவிட்டுத் தேடலிலிருந்து நேரே ஒத்திகைக்குப் போகும் குழுக்கள் கடைசி வாரம் வரை தேடிக்கொண்டே இருப்பார்கள்.

நம் பக்கத்துக்கு ஒத்துவரும் கணக்கு 36 அமர்வு:

1. தேடல்: 12 அமர்வு, 30 மணி. ஆர்மோனியமும் தாளமும் குறைந்தது 8 அமர்வில் இருக்க வேண்டும்.
2. எழுத்து: 2 முதல் 3 வாரம் ஒத்திகை கிடையாது. சித்தூர் கொங்கன்படை, நெம்மாறை–வல்லங்கி வேல போன்ற திருவிழா நாட்களில் எப்படியும் பாதிப்பேர் வரமாட்டார்கள். இடைவெளியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.
3. பாட்டு இணைப்பு: 6 அமர்வு. முடியும்போது தாளம், சுருதி, சரணங்களின் வரிசை பூட்டப்படும்.
4. ஒத்திகை: 18 அமர்வு. கடைசி 6 அமர்வில் ஒரு சொல்லும் மாறக் கூடாது.

### ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அவிழ்த்து விடுங்கள்

கூட்டாகப் பாடிக் கட்டும்போது நடக்கும் முதல் விபத்து, சொல், மெட்டு, தாளம் மூன்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவது. "இந்தச் சூழ்நிலைக்கு ஒரு பாட்டுப் பாடுங்க" என்றால், யாருக்கும் சினிமா மெட்டுத்தான் வாயில் வரும்; அது வந்த பிறகு அகற்றவும் முடியாது. இரண்டைக் கட்டி ஒன்றை விடுங்கள்.

சொல்லையும் தாளத்தையும் கட்டி மெட்டை விடுவதற்கு நம்மிடம் ஆகிவந்த முறை நிரவல். ஒரே வரியை, ஆதி தாளத்தில், ஒவ்வொருவரும் மூன்று ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தமக்குத் தோன்றியபடி பாடட்டும். ராகம் தெரிய வேண்டியதில்லை. ஆர்மோனியக்காரர் ஐந்து சுரங்களை மட்டும் கொடுத்து, அதைத் தாண்டாமல் பாடச் சொன்னால் போதும்.

மெட்டையும் தாளத்தையும் கட்டிச் சொல்லை விடுவதற்குக் கும்மி, நொண்டிச் சிந்து, காவடிச் சிந்து மூன்றும் நன்றாக உதவும். மெட்டு ஏற்கெனவே உடலில் இருப்பதால் மூளை சொல்லைத் தேட முடியும்.

தாளத்தை மட்டும் கட்டி, கேள்வி–பதிலாகச் சொல்லை ஏறவிடுவதற்கு லாவணி, அதாவது இருவர் எதிரெதிரே நின்று பாடும் வாதப் பாட்டு. எல்லைப் பக்கத்துக்கு இது தங்கமான வடிவம். ஓர் எடுத்துக்காட்டு. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வரவேண்டும். கீழே சித்தூர்ப்புழைக்காரர் தண்ணீருக்குக் காத்திருக்க, மேலே பொள்ளாச்சிக்காரரும் தண்ணீருக்குத்தான் காத்திருக்கிறார். இருவரையும் எதிரெதிரே நிறுத்துங்கள். ஆதி தாளம், நிமிடத்துக்கு 96 அடி. ஆளுக்கு இரண்டு வரி, வரிக்கு எட்டு அடி. கோரஸ் நான்கு அடியில் ஒரே கேள்வியை இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிக் கேட்கட்டும்: "தண்ணி வந்துச்சா?" – "வெள்ளம் வந்நோ?"

> மேட்டுக் காட்டுல நானு நிக்கறேன், மேகம் பாத்து நிக்கறேன்
> கேட்டுக் கேட்டுத் தொண்ட வத்திக் கேணி எட்டிப் பாக்கறேன்

இரண்டு வரியின் முதல் சொல்லில் எதுகை நிற்கிறது: மேட்டு, கேட்டு. பாடுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய ஒரே விதி இதுதான். அடுத்த வரியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் போதும், வரி தானாகக் கட்டுண்டு நிற்கும். மலையாளச் செய்யுளிலும் இரண்டாம் எழுத்துப் பிராசம் பழகிய ஒன்று என்பதால், எதிரே நிற்கிறவர் மலையாளத்தில் பதில் சொன்னாலும் கூட்டத்தின் காதுக்கு இரண்டும் ஒரே பாட்டாகத்தான் கேட்கும். கடைசியில் வரும் இயைபை மட்டும் நம்பினால், ஒவ்வொரு வரியும் "றேன், றேன்" என்று முடிந்து மூன்றாம் சுற்றில் சலிக்கும்.

முதல் நான்கு சுற்று பெரும்பாலும் தேறாது. ஏழாவது, எட்டாவது சுற்றில், நியாயம் பேசித் தீர்ந்த பிறகு, ஒருவர் தன் வீட்டுச் சங்கதிக்கு இறங்குவார்: காய்ந்த தென்னை, விற்ற மாடு. அங்கே கிடைப்பதுதான் வைத்துக்கொள்ள வேண்டிய வரி. அதனால் லாவணியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தாளக்காரரிடம் பன்னிரண்டு சுற்று என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

### பதிவும் பொறுக்குதலும்

செல்போனை ஆர்மோனியத்தின் பக்கத்தில் வைத்தால் ஆர்மோனியம் மட்டுமே கேட்கும். நடிகர்களுக்கும் வாத்தியத்துக்கும் நடுவே, இரண்டுக்கும் ஆறேழு அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாமல் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, காட்சி, சுற்று எண், சுருதி ஆகியவற்றை ஒருவர் வாயால் சொல்ல வேண்டும்; கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரல் இருக்கும்.

நடிக்காத ஒருவர் நோட்டில் நான்கு பத்தி எழுதட்டும்: கோப்பு, நிமிடம், என்ன நடந்தது, வைப்பதா விடுவதா. இந்த ஆள் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். ஒரு மணி நேரப் பதிவைச் சொல் சொல்லாக எழுதி எடுக்க நான்கு மணி நேரமாவது ஆகும். 30 மணித் தேடலில் 20 மணி பதிவானால் 80 மணி எழுத்து வேலை. நோட்டு இருந்தால் "வைப்பது" என்று குறித்த இரண்டு மூன்று மணியை மட்டும் எழுதினால் போதும்.

பொறுக்குவது யார்? நெறியாளர், பாட்டு எழுதுகிறவர், இசையமைக்கிறவர் என மூன்று பேர். இதை முதல் நாளே எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். கை தூக்கி முடிவெடுத்தால் ஒவ்வொருவரின் பிரியமான வரியும் உள்ளே நின்று, நாடகம் இரண்டரை மணி நேரம் ஆகும்.

### எங்கே கெடும்

சுருதி ஏறும். உணர்ச்சியோடு தோன்றியபடி பாடுகிறவர் பத்து நிமிடத்தில் அரைக்கட்டை மேலே போய்விடுவார். ஆர்மோனியக்காரர் அவரைத் துரத்தி அடுத்த கட்டைக்கு மாறினால், வந்த மெட்டு எந்தச் சுருதியில் வந்தது என்பதே பிறகு தெரியாது. சுருதிப்பெட்டியை ஆர்மோனியத்தைவிடச் சத்தமாக, பாடுகிறவரின் முதுகுப்பக்கம் வையுங்கள். ஆர்மோனியக்காரர் துரத்தக் கூடாது. ஆண் 1 கட்டையிலும் பெண் 5 கட்டையிலும் பாடுகிற ஜோடி அமைந்தால் பயப்பட வேண்டாம்: ஆணின் பஞ்சமம்தான் பெண்ணின் ஷட்ஜம். ஒரே சுருதி இருவரையும் தாங்கும், பெண்ணுக்கு அது மத்யம சுருதியாக ஒலிக்கும்.

எல்லாப் பாட்டும் ஒரே நடையில் வந்துவிழும். தோன்றியபடி பாடச் சொன்னால் பத்தில் எட்டு, ஆதி தாளத்தில் நடுத்தர வேகமாக இருக்கும். தேடலின் ஐந்தாம் அமர்விலேயே ஒரு காட்சிக்கு ரூபகம், ஒன்றுக்கு மிச்ர சாபு, ஒன்றுக்குத் தாளமே இல்லாத விருத்தம் என்று ஒதுக்கிவிடுங்கள். மிச்ர சாபுவின் ஏழு அடியை எண்ணிப் பாட முடியாதவர்களைத் "தகிட தகதிமி" என்று சொல்லிக்கொண்டே மேடையைச் சுற்றி நடக்கவிடுங்கள். இரண்டு மாலையில் காலில் ஏறிவிடும்.

பாட்டு முடியாது. கூடிக் கட்டிய பாட்டுக்குத் தொடக்கம் இருக்கும், முடிவு இருக்காது. ஒவ்வொருவராகத் தேய்ந்து நிற்பார்கள். இதற்குத் தீர்மானம் என்ற தாள முடிப்பைப் பயன்படுத்துங்கள். தாளக்காரர் ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசிப்பார், மூன்றாவதன் கடைசி அடி சமத்தில் (தாளம் தொடங்கும் அடியில்) விழும், எல்லாரும் அங்கே நிறுத்துவார்கள். முதல் அமர்விலிருந்தே எல்லாப் பயிற்சியையும் இப்படியே முடித்தால் கண்ணால் ஜாடை காட்ட வேண்டிய தேவையே வராது.

பேச்சு வல்லவர்கள் காட்சிகளை எடுத்துக்கொள்வார்கள், கூச்சமுள்ளவர்கள் கோரஸாகிவிடுவார்கள். நன்றாகப் பேசுகிறவருக்கு மூன்று சொல்லுக்குமேல் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு ஒரு காட்சி கொடுங்கள். அவருக்கும் நல்லது.

யோசிக்க நேரமில்லாதபோது மனம் பழைய கேலிக்குப் போகும். சாதியை, தொழிலை, ஒரு வட்டாரப் பேச்சை, பெண் வேடத்தை வைத்து எளிய சிரிப்பு கிடைக்கும். அறையில் இருப்பவர்கள் சிரித்துவிட்டால் அது பிரதிக்குள் நுழைந்துவிடும். அப்படி ஒன்று வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, அதே காட்சியை அந்தக் கேலிக்கு ஆளான பாத்திரத்தின் பக்கமிருந்து மறுபடி ஆடவிடுங்கள். கெட்டது போகும்; அதைவிட நல்லது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும்.

கடைசியாக, பூட்டிய பிறகு காட்சி செத்துப்போவது. தேடலில் பொறி பறந்த இடம் ஒத்திகையில் ஒப்பிப்பாக மாறும். வாரத்துக்கு ஒரு முறை, பூட்டிய காட்சியைச் சொல்லே இல்லாமல் வெறும் ஜதியில் (தாளச் சொற்கட்டில்) ஆடிப்பாருங்கள், அல்லது இருவர் வேடத்தை மாற்றிக்கொள்ளட்டும். சொல் மாறாது, கேட்கும் காது புதிதாகும்.

### மறைந்திருக்கும் செலவு

இசைக்காரருக்கு அமர்வுக்கணக்கில் கூலி. எழுதிப் பழகும் வழியில் 6 அமர்வுக்குக் கொடுப்பதை இங்கே 24 அமர்வுக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றையே பல குழுக்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் தீர்ந்ததும் இசைக்காரரை நிறுத்திவிட்டுச் செல்போன் தம்புராவோடு தேடுவார்கள். அப்படிக் கட்டிய பாட்டை ஆர்மோனியக்காரர் வந்ததும் திரும்பக் கட்ட நேரும். 24 அமர்வுக்கு வழியில்லை என்றால் பாட்டு எண்ணிக்கையை எட்டிலிருந்து நான்காகக் குறையுங்கள். மீதி இடத்தில் தாளம் மட்டும் இருக்கட்டும்.

## மேடையில் விளைவிப்பது

பாலக்காட்டுப் பாணர் சமூகத்தாரின் பொறாட்டு நாடகத்தில் சோத்தியக்காரன் கேள்வி கேட்க, தாசி, குறவன், குறத்தி, மண்ணான், மண்ணாத்தி என்று வேடங்கள் ஒவ்வொன்றாக வந்து பாடியும் பேசியும் பதில் சொல்கின்றன. தமிழும் மலையாளமும் அதில் கலந்தே ஓடும். தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள். தோல்பாவைக்கூத்தில் 42 அடி நீளக் கூத்துமாடத்தில், 21 விளக்கின் பின்னே, பாவையாட்டும் புலவர், கம்பனின் பாட்டைப் பிசகாமல் சொல்லிவிட்டு, அதன் விளக்கத்தையும் தர்க்கத்தையும் விரும்பியபடி விரித்துச் செல்கிறார்.

இவற்றைப் பார்த்துவிட்டு "தயாரிப்பே வேண்டாம்" என்று முடிவுகட்டுவது பெரும் தவறு. ஒத்திகை இல்லாத ஸ்பெஷல் நாடகக்காரர், தம் பார்ட்டின் பாட்டுகள் அத்தனையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வருகிறார். 'வள்ளி திருமண'த்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கம் எவ்வளவு நேரம் நீண்டாலும், எந்தப் பாட்டில் போய் முடியும் என்பது இருவருக்கும், ஆர்மோனியக்காரருக்கும், ஆல்ரவுண்டு என்னும் தாளக் கருவிகளை வாசிப்பவருக்கும் தெரியும். நிலையானது பெரிது, அவிழ்ந்தது சிறிது.

புதிய நாடகத்தில் அந்த நிலையான பகுதியை நீங்களே உண்டாக்க வேண்டும். கதையை 9 அல்லது 10 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தச் செய்தி கட்டாயம் வெளிவர வேண்டும், எந்தப் பாட்டில் முடிய வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதிப் பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஆறு சைகை போதும்: தொடங்கு, வேகம் கூட்டு, குறை, கோரஸ் உள்ளே, தீர்மானம், அடுத்த கட்டத்துக்குத் தாவு. இவை எல்லாவற்றையும் தாளக்காரர் ஒருவரே, ஒலியாலேயே கொடுக்க வேண்டும். திறந்தவெளி மேடையில், கண்ணில் லைட் அடிக்கும்போது, நடிகருக்குக் கை அசைவு தெரியாது.

மைக் பெரிய தலைவலி. அடுத்து யார் பேசுவார் என்று மைக் செட்காரருக்குத் தெரியாததால் எட்டுக் காலர் மைக்கையும் திறந்தே வைப்பார், மைக் கத்தும். முன்விளிம்பில் நான்கு ஸ்டாண்ட் மைக்கை நிலையாக வைத்து, பேச வருகிறவர் அங்கே வரட்டும் என்பதே நடைமுறை. லைட்டையும் வசனத்தோடு கட்டாதீர்கள். பகல், இரவு, ஒற்றை ஆள், கோரஸ் என்று ஆறு நிலையைத் தயாரித்து, சைகை கேட்டதும் மாற்றச் சொல்லுங்கள்.

நேரமும் கையை மீறும். ஒலி மாசு விதிகள், 2000 இரவு 10 மணிமுதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன; திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரமுண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். எட்டரைக்கு ஏறும் நாடகத்தில் தர்க்கம் இருபது நிமிடம் நீண்டால் உச்சக்காட்சி மைக் இல்லாமல் நடக்கும். "தாவு" என்ற ஆறாவது சைகை இதற்காகத்தான்.

ஐந்து பேருக்குள் அடங்கிய குழு, ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஆடுகிறவர்கள், ஒரே பருவத்தில் பத்து மேடைக்கு மேல் உறுதி, திரும்பிப் பதில் சொல்லிப் பழகிய கூட்டம் – இந்த நான்கும் இருந்தால் இந்த வழி தரும் இன்பத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகாது. நான்கில் ஒன்று குறைந்தாலும், முழு நாடகத்தையும் இப்படிப் போடாமல், கூடிக் கட்டிய நாடகத்தின் நடுவே பத்து நிமிட லாவணிக்கு மட்டும் இடம் திறந்துவையுங்கள்.

## உரிமை: முதல் அமர்விலேயே ஒரு தாள்

எழுதிப் பழகும் வழியில் பாட்டும் மெட்டும் யாருடையவை என்பதில் குழப்பமில்லை. கூடிக் கட்டும்போது, லாவணியில் ஒருவர் வாயில் வந்த வரி பாட்டின் பல்லவியாகியிருக்கும். இரண்டு ஆண்டு கழித்து யாராவது அதைப் படமாக்க வந்தால் கசப்பு தொடங்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாத படைப்பையே கூட்டு ஆசிரியப் படைப்பு என்கிறது. உரிமைக் காலம், கடைசியாக இறக்கும் ஆசிரியருக்குப் பின் 60 ஆண்டு. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நியூயார்க்கில் 1974-இல் நடனக்காரர்கள் கூடித் தங்கள் வாழ்க்கையைப் பேசியதைப் பதிவு செய்து, அதிலிருந்து பட்டறைகளில் கட்டிய இசை நாடகம் 'எ கோரஸ் லைன்' 1975-இல் மேடையேறிப் பெரும் வெற்றி கண்டது. பேசியவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வருமானத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்ற ஏற்பாடு பிறகுதான் வந்தது. நம் நாடகம் அவ்வளவு சம்பாதிக்காது என்று நினைத்துத் தாளைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் இல்லாவிட்டாலும் சுவரொட்டியில் பெயர் இருக்கிறது.

தாளில் நான்கு வரி போதும்: பாட்டு எழுதியவர் என்று யார் பெயர் போகும், "குழுவோடு சேர்ந்து" என்ற சொல் இருக்குமா, குழுவைவிட்டுப் போகிறவரின் வரி நாடகத்தில் தொடருமா, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது. பதிவுகளை யார் வைத்திருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

## எந்த வழியானாலும், காற்று

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து காற்று அடித்து வீசும். மேடையின் முதுகு கிழக்கே இருக்கும்படி போடுங்கள்: காற்று நடிகரின் பின்னாலிருந்து வரும், அவர் தலையே மைக்குக்கு மறைப்பாகும், குரலும் கூட்டத்தின் பக்கம் போகும். ஆனால் பின்திரை பாய்மரமாக உப்பும். ஒரே துணியாகக் கட்டாமல் மூன்றடிப் பட்டைகளாகப் பிரித்துத் தொங்கவிட்டு, அடியில் மணல் நிரப்பிய துணிக்குழாயைத் தைத்துவிடுங்கள். எல்லா மைக்குக்கும் பஞ்சு உறை வேண்டும். சுருதிப்பெட்டிக்குக் காற்றில் கேட்கும்படி தனி ஸ்பீக்கர் நடிகர்களைப் பார்த்து இருக்கட்டும். எழுதிப் பழகியவர்கள்கூட அது கேட்காவிட்டால் இரண்டாம் பாட்டிலேயே சுருதி விலகிவிடுவார்கள்.